இலாரியாவின் சைக்கிளும் கசிமிராவின் பீரும்

உயர்ந்த மலைமேட்டில் இருக்கும் எல் ஆல்டோ நகரின் வடக்கே, பூச்சுக் காணாத செங்கல் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் தெரு ஒன்றில் இலாரியா கயிசாயாவின் தையற்கடை இருக்கிறது. எட்டு முழத் துணியை ஓர் இடுப்புக்குள் மடித்துச் சுருக்கிப் பாவாடையாக்குவதில் அவளுக்கு இணையானவர்கள் அந்தப் பகுதியில் இருவர் உண்டு என்பார்கள். அந்த இருவரையும் இலாரியா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. கடைக்குள் நுழைபவர்களின் கண்ணில் முதலில் படுவது தையல் இயந்திரம் அன்று. சுவரோரம், மடித்து விரித்த பழைய கம்பளத்தின்மேல் நிற்கும் மலைச் சைக்கிளே முதலில் படும். அதன்மேல் ஈரத் துண்டைப் போடக்கூடாது. குழந்தைகள் அதன் இருக்கையை அழுத்தி விளையாடக்கூடாது. அளவு கொடுக்க வரும் பெண்கள் இவ்விரண்டு விதிகளையும் அறிந்தே படியேறுவார்கள்.

நாற்பது வயதைக் கடந்தபோதுதான் அவளுடைய முதுகு அவளோடு சண்டை பிடிக்கத் தொடங்கிற்று. பகலெல்லாம் இயந்திரத்தின்முன் குனிந்திருப்பாள். மாலையில், தைத்த பாவாடைகளை மூட்டையாகக் கட்டிச் சாதாரணச் சைக்கிள் ஒன்றில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். கருங்கல் பாவிய தெருக்களில் ஒவ்வொரு கல்லும் அவளுடைய இடுப்பெலும்பை விசாரித்த பிறகே வழிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டுப் பழம்பொருள்கள் குவியும் பெருஞ்சந்தையில், லாரி ஓட்டுநரான அவளுடைய கணவர் வென்செஸ்லாவோ தம் வண்டிக்கு ஒரு டயரைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த வேளையில் அவள் இந்தச் சைக்கிளைக் கண்டாள். இருக்கையை அழுத்தினாள். சுமை தூக்கும் லாமா விலங்கு முழங்காலை மடக்குவதுபோல் அதன் பின்புறம் இறங்கி, மெல்ல எழுந்தது. மறுபடியும் அழுத்தினாள். அன்று வென்செஸ்லாவோ டயர் வாங்காமல் வீடு திரும்பினார்.

சட்டத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இருந்துகொண்டு அடிகளையெல்லாம் தான் வாங்கிக்கொள்ளும் அந்தச் சிறிய உறுப்பை எல்லோரும் ‘ஷாக்’ என்றே சொல்வார்கள். காற்றடைத்த ஒரு குழல். அதற்குள் ஏறி இறங்கும் பளபளப்பான ஒரு தண்டு. தண்டு நுழையும் வாயில், அழுக்கைத் துடைத்துத் தள்ளும் ஒரு ரப்பர் வளையம். பார்ப்பதற்கு அவ்வளவுதான். ஆனால் எல் ஆல்டோவின் தூசி மாவைவிட மெல்லியது. மனச்சாட்சியும் அதற்கு இல்லை. வளையத்தின் உதட்டில் குந்திக்கொண்டு, தண்டு ஏறி இறங்கும்போதெல்லாம் அதை அரம்போல் தேய்க்கும். தண்டில் கீறல் விழுந்தால் காற்றுக் கசியும். காற்றுப் போனால் சைக்கிளின் பின்புறம் உட்கார்ந்துவிடும்.

ஆகவே இலாரியா தன் ஷாக்கைத் தைத்து முடித்த வெல்வெட்டைப்போல் பேணினாள். சேற்றோடு வீடு திரும்பினால் மற்றவர்களைப்போல் வண்டி கழுவும் இடத்துக்குப் போய் பீய்ச்சுக் குழாயின்கீழ் நிறுத்தமாட்டாள்; அந்தக் குழாயின் வேகம் அழுக்கை வெளியே தள்ளுவதற்குப் பதிலாக வளையத்தைத் தாண்டி உள்ளே ஏற்றிவிடும். முதலில் சேற்றைக் காயவிடுவாள். மென்மையான தூரிகையால் உதிர்ப்பாள். பிறகு ஈரத்துணியால் தண்டைச் சுற்றித் துடைத்து, இருக்கையை ஒருமுறை அழுத்தி, தண்டில் புதிதாகத் தோன்றும் அழுக்கு வளையத்தை மறுபடியும் துடைப்பாள். சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெயை அதன் பக்கம் அண்டவிடமாட்டாள். அந்தப் பிசுக்கில் தூசி குடியேறிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். இருக்கையைப் பிடித்து மேலே தூக்கி, கீல்களில் ஆட்டம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகே படுக்கப்போவாள். தம்மைவிடச் சைக்கிளுக்கே அதிக உபசாரம் நடப்பதாக வென்செஸ்லாவோ அண்டை வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

முதுகுக்காக வாங்கிய சைக்கிள் அவளை மலைக்கு இழுத்துச் சென்றது. ஆண்டுதோறும், தவக்காலத்துக்கு முன்வரும் திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மகளிர் சங்கம் ஓர் இறக்கப் பந்தயம் நடத்துகிறது. பனி படர்ந்த கணவாயில் தொடங்கி, பழைய கோவேறு கழுதைப் பாதை வழியாக, யுங்காஸ் பள்ளத்தாக்கிலுள்ள சாக்காபம்பா கிராமத்தில் அது முடியும். எல்லோரும் பாவாடையோடுதான் ஓட்டுவார்கள். பாதை குறுகலானது என்பதால் இருபது எண்கள் மட்டுமே உண்டு. எண் கிடைத்தவள் அதைத் தன் பெயரைப்போல வைத்துக்கொள்வாள். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. இறுதிக் கோட்டை இருக்கையில் அமர்ந்தபடியே கடக்கவேண்டும்; அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அப்படிக் கடக்காதவளின் எண் காத்திருப்பவளுக்குப் போய்விடும். இலாரியாவின் எண் பதினொன்று. காத்திருந்தவள் எதெல்வீனா என்ற ரொட்டிக் கடைக்காரி. கெட்ட எண்ணம் இல்லாதவள்தான். ஆயினும் இலாரியாவைத் தெருவில் காணும்போதெல்லாம், முதுகு எப்படி இருக்கிறது என்று சற்று அதிகமான அக்கறையோடு விசாரிப்பாள்.

விசாரிக்கக் காரணம் இருந்தது. சென்ற ஆண்டுப் பந்தயத்தில், பாதி வழிகூட வராத நிலையில், இலாரியாவின் ஷாக் காற்றை இழந்தது. சைக்கிள் பின்னங்காலை மடக்கி உட்கார்ந்தது. சக்கரம் சட்டத்தில் உரசியது. மீதி மலையையும் அவள் தள்ளிக்கொண்டே இறங்கினாள். இறுதிக் கோட்டையும் தள்ளிக்கொண்டேதான் கடந்தாள். ஒலிபெருக்கியில் பேசியவன், பதினொன்றாம் எண்காரி தன் வாகனத்தை மேய்ச்சலுக்குக் கூட்டிவருவதாக அறிவித்தான். கூட்டம் சிரித்தது. இலாரியாவும் சிரித்தாள், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

பழுது பார்க்கும் தெமெத்ரியோ அந்த ஷாக்கைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தண்டு முழுவதும் நரம்பு நரம்பாகக் கீறல்கள். நுண்மணல் தாளால் நாள்கணக்கில் தேய்த்து, வளையங்களை மாற்றி, ஒருவாறு காற்றுப் பிடிக்கச் செய்தார்.

“அக்கா, இந்த மாடலை இப்ப யாரும் செய்யறதில்ல. இன்னொரு தடவை கீறிக்கிட்டு வந்தீங்கன்னா என்னைத் திட்டாதீங்க, கல்லறைக்காரனைக் கூப்பிடுங்க” என்றார்.

எதனால் கீறியது என்பதை இலாரியா சில நாள்களிலேயே கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததை வெளியே சொல்லத்தான் ஏறக்குறைய ஓர் ஆண்டு தயங்கினாள்.

அவ்வூரில் வீடோ, வண்டியோ, தையல் இயந்திரமோ எதை வாங்கினாலும் அதை ஆசீர்வதித்து முன்நிற்க ஒரு ஞானத்தாய் வேண்டும். இலாரியாவின் சைக்கிளுக்கு ஞானத்தாயாக நின்றவள் கசிமிரா தார்க்கி. மொத்தச் சந்தையில் உருளைக்கிழங்கும், பனியில் உறையவைத்து மிதித்து உலர்த்திய சுனோவும் விற்பவள், இலாரியாவின் வயதுதான், குரல் மட்டும் இரண்டு ஆள் அளவு. ஞானத்தாயாக நின்ற நாளிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் மதினி என்று அழைத்துக்கொண்டார்கள். திருவிழாச் செவ்வாயன்று ஊர் முழுவதும் ச்சல்யா நடக்கும். பிழைப்புக்கு உதவும் பொருள்கள்மீது பீரும் சாராயமும் தெளித்து, வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தூவி, காகிதச் சுருள்களைச் சுற்றி, பூமித்தாய்க்கு நன்றி சொல்வார்கள். தூவியதையும் சுற்றியதையும் கையால் அகற்றக்கூடாது. தானாக உதிரும்வரை விட்டுவைக்கவேண்டும். பிடுங்கினால் வந்த அதிர்ஷ்டத்தையே பிடுங்கியதாகும்.

சென்ற ஆண்டு ச்சல்யாவில் கசிமிரா ஒரு முழுப் பாட்டில் பீரைச் சைக்கிளின் மேல் கவிழ்த்தாள். காகிதத் துணுக்குகளை அள்ளி அள்ளித் தூவினாள். ஷாக்கின்மேல் பீர் வழிந்தது, துணுக்குகள் ஒட்டின. வழக்கத்தை மதித்த இலாரியா அவற்றைத் துடைக்கவில்லை. பந்தயத்தின் சேறு படக்கூடாதே என்று, தானே தைத்த உறையை அதன்மேல் மாட்டி, மேலும் கீழும் நாடாவை இழுத்துக் கட்டினாள். பீரின் இனிப்பும், காகிதக் கூழும், எப்படியோ உள்ளே புகுந்த தூசியும் சேர்ந்து, உறைக்குள்ளேயே ஒரு பசையாகி, தண்டைத் தேய்த்துத் தீர்த்தன.

இதைக் கசிமிராவிடம் எப்படிச் சொல்வது? ‘உன் ஆசீர்வாதம் என் வண்டியைக் கொன்றது’ என்று ஞானத்தாயின் முகத்துக்கு நேராகச் சொன்னவள் எல் ஆல்டோவில் அதுவரை யாரும் இல்லை. சொல்லாமல் விட்டாலோ, இவ்வாண்டும் பீர் வழியும். பதினொன்றாம் எண் ரொட்டிக் கடைக்குப் போகும். இலாரியா ஒரு முடிவுக்கு வந்தாள். ச்சல்யாவுக்கு முந்தின திங்கட்கிழமையே ஷாக்கைக் கழற்றி, துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்தாள். அதன் இடத்தில் ஒரு மரத்துண்டைச் செருகிச் சைக்கிளை நிறுத்தினாள். சென்ற ஆண்டைவிடத் தடித்த துணியில், உள்துணி கொடுத்து, இரட்டைத் தையல் போட்ட ஒரு புதிய உறையையும் தைத்து ஆணியில் மாட்டியிருந்தாள். பீரைத் தடுத்துவிட்டால் மீதியை இந்த உறை பார்த்துக்கொள்ளும் என்பது அவளுடைய கணக்கு. தன் தையலைப் பற்றி அவளுக்கு ஒருநாளும் ஐயம் இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை நண்பகலில் கசிமிரா வந்தாள். கழுத்தைச் சுற்றிக் காகிதச் சுருள், தொப்பியின்மேல் துணுக்குகள், பின்னால் ஒரு சுமைகாரன், அவன் தோளில் ஒரு பெட்டி பீர். சுமைகாரனை அனுப்பிவிட்டு, பெட்டியின்மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

“போன வருஷம் ஒரே பாட்டிலோட நிறுத்துனது என் தப்புதான், மதினி. பூமித்தாய்க்குத் தாகம் தீரல. அதான் உன் வண்டி நடு வழியில படுத்துருச்சு. இந்த வருஷம் கணக்கே பாக்கப் போறதில்ல.”

மூலையில் உட்கார்ந்திருந்த வென்செஸ்லாவோவுக்கு அப்போதுதான் லாரியின் விளக்கு ஒன்று எரிகிறதா என்ற ஐயம் வந்தது. அவர் மெல்ல எழுந்து வெளியே போனார்.

கசிமிராவின் பார்வை சைக்கிளின்மேல் விழுந்து, மரத்துண்டில் நின்றது.

“என்ன இது? முதுகெலும்ப உருவிட்டுக் கட்டையச் சொருகி வெச்சிருக்கே?”

“ஷாக் பெட்டிக்குள்ள இருக்கு.”

“ஞானத்தாய் வர்ற அன்னிக்குப் பிள்ளைய ஒளிச்சு வெக்கிறியா?”

“ஒளிக்கல மதினி. உங்கிட்டேருந்து காப்பாத்துறேன்.”

இதைவிடப் பணிவான நான்கு வாக்கியங்களை இலாரியா வாரக்கணக்கில் மனத்துக்குள் கோத்து வைத்திருந்தாள். அவற்றில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. கசிமிரா கழுத்துச் சுருளைக் கழற்றி மடியில் வைத்தாள். 

சொன்னது சொன்னதாகிவிட்டது, இனிப் பின்வாங்குவதில் பொருளில்லை. இலாரியா சென்ற ஆண்டின் உறையைக் கொண்டுவந்து, உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காட்டினாள். பழுப்பு நிறத்தில் ஒரு பொருக்கு. அதில் சிவப்பும் மஞ்சளுமாகக் காகிதப் பொட்டுகள். பீர் எப்படி வழிந்தது, துணுக்குகளை எதற்காகத் துடைக்கவில்லை, தண்டு எப்படிக் கீறியது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.  

கசிமிரா கோபிக்கவில்லை. உறையை வாங்கி, நகத்தால் பொருக்கைச் சுரண்டி, சந்தையில் சுனோவைச் சோதிப்பதுபோல் இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள்; முகர்ந்தும் பார்த்தாள். பிறகு உறையின் நாடாக்களை இழுத்து இழுத்து விட்டாள்.

“இத மேலயும் கீழயும் கட்டியா வெச்சிருந்தே?”

“ஆமா. தண்ணிகூட உள்ள போகாது.”

“வெளியயும் வராது” என்றாள் கசிமிரா. “ஈர மூட்டைய இறுக்கிக் கட்டி வெச்சிட்டு, உள்ள பூசணம் பூத்ததும் மழையத் திட்டுறவங்கள நான் தினமும் பாக்குறேன். சுனோ மூட்டையில காத்துப் போற வழி இல்லேன்னா நானே வாங்கமாட்டேன். எம்மேல பழி போட வந்துட்டா, நாடாக்காரி.”

இலாரியாவுக்குக் காது சுட்டது. பீரைப் பற்றி எவ்வளவு சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள். குற்றம் தையலின்மேல் திரும்பும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய புதிய உறையைப் பார்த்தாள். இரட்டைத் தையல், உள்துணி, இறுக்கமான வாய். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று புலப்பட்டது. தண்டு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கொஞ்சம் தூசியை இழுத்துக்கொண்டு உள்ளே வரத்தான் செய்யும். உறை எவ்வளவு அழகாகப் பொருந்துகிறதோ, அவ்வளவுக்கு அந்தத் தூசி வெளியேற வழியின்றி அங்கேயே தங்கும். பீரே படாவிட்டாலும் இந்த உறை மெதுவாக அதே வேலையைச் செய்திருக்கும். உடம்போடு ஒட்டித் தைக்கும் பழக்கத்தில், மூச்சு விடவேண்டிய பொருளுக்கும் ஒட்டித் தைத்துவிட்டாள்.

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். புதிய உறையை நடுவில் பிளந்து மேசைமேல் போட்டாள்.

“சரி. பாதித் தப்பு என்னோடது” என்றாள்.

“பாதியா? காலு எனக்கு. முக்கா உனக்கு.”

அத்துடன் அந்த வழக்கு முடிந்தது. ஆனால் ச்சல்யா முடியவில்லை. ஆசீர்வாதம் பெறாத உறுப்பு மலையிறங்காது என்பதில் கசிமிரா விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. பீர் படக்கூடாது என்பதில் இலாரியாவும் விட்டுக்கொடுக்கவில்லை. தரையின் நான்கு மூலைகளிலும் தெளிப்பதற்காகக் கொண்டுவந்திருந்த தூய சாராயத்தைக் கடைசியில் கசிமிராவே எடுத்துக் காட்டி, இது ஒட்டுமா என்று கேட்டாள். ஒட்டாது, காற்றிலே போய்விடும் என்றாள் இலாரியா. கசிமிரா முதலில் தரையில் சிறிது ஊற்றினாள். பிறகு இலாரியாவின் கையிலிருந்த வெள்ளைப் பருத்தித் துணியில் சில துளிகள் விட்டாள். பெட்டியிலிருந்து எடுத்த ஷாக்கின் தண்டை இலாரியா அந்தத் துணியால் சுற்றித் துடைக்க, கசிமிரா பூமித்தாயை அழைத்து வேண்டிக்கொண்டாள். துணியில் ஒரு கறுப்புக் கோடு வந்தது. அது போதுமான ஆசீர்வாதம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். காகிதச் சுருள் கைப்பிடிக்குப் போயிற்று. துணுக்குகள் அவர்கள் இருவரின் தலையிலும் விழுந்தன. பீரில் ஒரு பாட்டில் சக்கரத்தின் முன்னால் மண்ணுக்குப் போயிற்று. மற்றவை எங்கே போயின என்பதை, விளக்கைச் சோதித்து முடித்துத் திரும்பிய வென்செஸ்லாவோவும் அறிவார்.

பந்தயத்துக்கு இன்னும் சில நாள்களே இருந்தன. உறை போயிற்று, வெறும் ஷாக்கோடு சேற்றில் இறங்க முடியாது. பின்சக்கரம் வாரியடிக்கும் சேறு நேராகத் தண்டின்மேல்தான் விழும். மூடாமலும் காக்கவேண்டும். இலாரியா சைக்கிளின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சேறு எங்கிருந்து கிளம்பி எங்கே விழும் என்று விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்த்தாள். கோடு எல்லாம் ஒரே இடத்தைக் கடந்தே சென்றது. அந்த இடத்தில் ஒரு திரை தொங்கினால் போதும். பக்கவாட்டில் திறந்திருக்கலாம், காற்றுப் போகலாம், விரல் நுழைத்துத் துடைக்கலாம். சுற்றி மூடும் பாவாடை வேண்டாம், முன்னால் தொங்கும் ஏப்ரன் போதும் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

லாரிச் சக்கரத்தின் பழைய உள்குழாயிலிருந்து ஒரு துண்டு வெட்டினாள். மேல்விளிம்பைச் சட்டத்தின் குறுக்குக் கம்பியிலும், கீழ்விளிம்பைப் பின்சக்கரத்தைத் தாங்கும் கம்பியிலும் வாரால் கட்டினாள். தெமெத்ரியோ வந்து பார்த்துவிட்டு, அளவு தவறு என்றார். இலாரியாவிடம் அளவு தவறு என்று அதற்குமுன் யாரும் சொன்னதில்லை. அவர் வாதாடவில்லை, ஷாக்கின் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு இருக்கையை அழுத்தினார். சக்கரம் மேலே எழுந்தது. ரப்பர்த் திரை மடங்கிச் சென்று டயரைத் தொட்டது.

“நிக்கிறவளுக்கு அளவு எடுத்திருக்கீங்க அக்கா. இவ உக்காருவா.”

இலாரியாவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. உட்கார்ந்தால் இடுப்புப் பிடிக்கும் பாவாடையைத் தைத்தவளை அந்தத் தெருவில் எவள் மன்னிப்பாள்? காற்றை இறக்கிய நிலையிலேயே மறுபடியும் அளந்தாள். நடுவில் ஒரு மடிப்புக் கொடுத்து, சக்கரம் எழும்போது மடங்கி விலகும்படி வெட்டினாள். தெமெத்ரியோ பலமுறை அழுத்திப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததால், நிறம்தான் துக்க வீட்டை நினைவூட்டுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கணவாயில் பனித்தூறல் விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பாவாடைகளை முழங்காலுக்குமேல் ஊசியால் குத்தி, பின்னல்களை முதுகோடு கட்டி, தலைக்கவசங்களை மாட்டினார்கள். இலாரியா வெந்நீரில் கரைத்த ஊதாச் சோளக் கஞ்சியைக் குடித்துவிட்டு, களைப்பைப் போக்கும் கொக்கா இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். ஷாக்கின் காற்றை ஒருமுறை அளந்தாள். இருக்கையை அழுத்தினாள். அது இறங்கி எழுந்த விதத்தில் ஏதோ ஓர் உறுதி இருந்தது. அந்த உறுதி அவளுக்கும் ஏறிக்கொண்டது.

மேல் மலை கல்லும் சரளையும். அங்கே சைக்கிள் அவளைத் தூக்கிக்கொண்டு பறந்தது என்றே சொல்லவேண்டும். கற்கள் கீழே தட்டிக்கொண்டேயிருந்தன; ஒன்றும் முதுகுவரை வரவில்லை. இரண்டு பேரைத் தாண்டினாள், பிறகு இன்னொருத்தியை. மேகத்துக்குள் புகுந்து வெளியே வந்தபோது காற்றில் வெம்மை கூடியிருந்தது. பாதையின் நிறம் சிவப்பாயிற்று. யுங்காஸின் களிமண் தொடங்கிவிட்டது.

களிமண்ணைப் பற்றி அவள் எண்ணிப் பார்க்கவில்லை. எல் ஆல்டோவின் சேறு தெறித்து விழும். இந்தச் சேறு பற்றிக்கொண்டு வளர்ந்தது. டயருக்கும் ரப்பர்த் திரைக்கும் இடையே அது அப்பி அப்பி, கடைசியில் சக்கரம் முனகத் தொடங்கிற்று. பாதையின் நடுவே வரும் ஓடைத்துறையில் அவள் நின்றாள். வேடிக்கை பார்க்க அங்கே கூட்டம் கூடியிருந்தது. கூட்டத்தின் முன்னால், பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி, கசிமிரா நின்றாள். மற்றொரு கையில் ஓடைநீர் தளும்பும் வாளி இருந்தது.

“நகரு மதினி. ஒரே வீச்சுல கழுவிடறேன்.”

“வேணாம். அந்த மணலெல்லாம் வளையத்துக்குள்ள ஏறிரும்.”

“அப்ப திரையக் கிழிச்சு எறி. அவளுக எல்லாரும் போயிட்டிருக்காளுக.”

கிழித்து எறிந்தால் உடனே புறப்படலாம். ஆனால் இனி வரும் பாதை முழுவதும் இதே களிமண். அது நேராகத் தண்டின்மேல் விழும். கழுவினாலும் வேகமாகப் போகலாம். எவ்வளவு தூரம் என்பதுதான் தெரியாது. இலாரியா இரண்டையும் செய்யவில்லை. வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து, திரைக்கும் டயருக்கும் நடுவே நுழைத்து, மண்ணைக் கட்டி கட்டியாகப் பெயர்த்தெடுத்தாள். அவள் தாண்டி வந்த மூவரும் ஓடையைக் கலக்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் இருவர். பிறகு அவள் திரையின் பக்கவாட்டில் விரலை நுழைத்து, உள்பாவாடையின் உலர்ந்த ஓரத்தால் தண்டைச் சுற்றித் துடைத்தாள். இருக்கையை அழுத்தி, தோன்றிய கோட்டையும் துடைத்தாள். தண்டில் களிமண் ஏறவில்லை. மெல்லிய ஈரம் மட்டுமே இருந்தது.

“பந்தயத்துல வந்து துணி தொவைக்கிறா பாரு” என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

கசிமிரா அந்தப் பக்கம் திரும்பி, வாளியை உயர்த்திக் காட்டினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

“ஒரு தடவை நின்னுட்டேன். இனிமே நிக்கமாட்டேன்” என்று மதினியிடம் சொல்லிவிட்டு இலாரியா ஏறினாள்.

அவள் சொன்னபடி நிற்கவில்லை. வேகத்தைச் சற்றுக் குறைத்து, களிமண் திரண்ட நடுத்தடத்தை விட்டுப் புல் முளைத்த ஓரத்திலேயே ஓட்டினாள். புல் டயரைத் துடைத்துக்கொண்டே வந்தது. கீழே போகப் போக, முன்னால் போனவர்களில் சிலர் பாதையோரம் சங்கிலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டாள். ஒருத்திக்கு அவள் தன் குச்சியைக் கொடுத்துவிட்டுப் போனாள். சாக்காபம்பாவின் கோயில் மணிக்கூண்டு மரங்களுக்குமேல் தெரிந்தபோது, வழக்கம்போல் அவளுடைய காது பின்னால் சென்றது. காற்றுக் கசியும் சீறல் ஏதும் கேட்கிறதா என்று தேடியது. சங்கிலியின் கரகரப்பும், பேண்டு வாத்தியத்தின் முழக்கமும்தான் கேட்டன. கடைசி இறக்கத்தில் ஒரு கற்படிக்கட்டு உண்டு. பலர் இறங்கித் தள்ளும் இடம் அது. அவள் இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, படிகளைச் சைக்கிளிடம் ஒப்படைத்தாள். பின்புறம் ஒவ்வொரு படிக்கும் முழங்காலை மடக்கி மடக்கி இறங்கியது. ஒவ்வொரு முறையும் எழுந்தது.

இறுதிக் கோட்டை அவள் பன்னிரண்டாவதாகக் கடந்தாள். உட்கார்ந்தபடி கடந்தாள். ஒலிபெருக்கிக்காரன் எண்ணைச் சொன்னான். கேலி ஏதும் அகப்படாததால் பெயரையும் சேர்த்துச் சொன்னான். சங்கத்துப் பெண் ஒருத்தி சேறு மூடிய எண்பலகையைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்து, தலையசைத்தாள். பதினொன்று இன்னும் ஓராண்டுக்கு எங்கும் போகாது. அவள் பார்த்துக்கொள்ளும் விதத்தில் பார்த்தால், இன்னும் பல ஆண்டுகளுக்கும் போகாது.

கோட்டுக்கு அப்பால் எதெல்வீனா நின்றுகொண்டிருந்தாள். தலைக்கவசம் கையில் இருந்தது. புதிது, மிட்டாய் நிறம். அவள் இலாரியாவின் முதுகைப் பற்றி இம்முறை விசாரிக்கவில்லை. குனிந்து, ரப்பர்த் திரையையும், அதற்குப் பின்னால் பளபளத்த தண்டையும் பார்த்தாள்.

“இத எங்கக்கா வாங்குனீங்க?”

“வாங்கல. தெச்சேன். ஒனக்கும் தெச்சுத் தர்றேன், ஒரு சைக்கிள் கொண்டா” என்றாள் இலாரியா. பிறகு மலைப்பக்கம் கையை நீட்டினாள். “பதினொன்னு காலி இல்ல, தங்கச்சி. மேல ரெண்டு பேரு இந்த வருஷமும் தள்ளிக்கிட்டு வர்றாங்க. அந்தப் பக்கம் போய் நில்லு.”